விதிக்கு அடங்காத ‘இப்போது’

(எலப்புள்ளியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

புதிதாக ஒரு மொழியைக் கட்டுகிறவர் முதலில் பெயர்களையும் வினைகளையும் அடுக்குகிறார். மலை, நீர், வா, போ என்று பட்டியல் மளமளவென்று வளர்ந்துவிடும். சிக்கல் தொடங்குவது வினைக்கு அடையாக வரும் சொற்களில். எப்படி வந்தான், எப்போது வந்தான், எங்கே வந்தான், எவ்வளவு உண்டான் என்ற நான்கு வேறு கேள்விகளுக்கு விடையாகும் சொற்களையெல்லாம் இன்றைய இலக்கண நூல்கள் வினையடை என்ற ஒரே பெயரில் கட்டி வைக்கின்றன. சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காக வகுத்த தொல்காப்பியர் இவற்றுக்கென்று ஐந்தாவதாக ஒரு வகை செய்யவில்லை. ஐரோப்பிய இலக்கணத்தைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அது குறையாகத் தோன்றலாம். எனக்கு அது கூர்மையான பார்வையாகவே படுகிறது. செயற்கை மொழிகளின் வரலாறு அதற்கு நல்ல சான்று. அவற்றைச் செய்தவர்களில் பலர் வினையடைக்கு ஒரே விகுதி போதும் என்று தொடங்கினார்கள். விகுதியை ஏற்காத ஒரு சிறு கூட்டம் ஒவ்வொருவரிடமும் மிஞ்சிவிட்டது. கவனக்குறைவால் நேர்ந்தது என்று அதைத் தள்ளிவிட முடியாது. மொழி வாயில் புழங்கும் விதமே அதற்குக் காரணம் என்பதுதான் இன்று நான் நிறுவ முயலும் கருத்து. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வாசல்களில் கேட்கும் எலப்புள்ளியில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சான்றுகளில் பாதி உங்கள் நாவிலேயே இருக்கிறது.

எஸ்பெராந்தோவிலிருந்து தொடங்குவோம். வார்சாவில் வாழ்ந்த கண் மருத்துவர் சாமன்ஹாஃப் 1887இல் வெளியிட்ட சிறு நூலில் அந்த மொழியின் இலக்கணம் முழுவதும் பதினாறு விதிகளுக்குள் அடங்கியது. பெயர்ச்சொல் ‘ஒ’ என்று முடியும். பெயரடை ‘அ’ என்று முடியும். வினையடை ‘எ’ என்று முடியும். போன என்றால் நல்ல, போனெ என்றால் நன்றாக. ராபீத என்றால் வேகமான, ராபீதெ என்றால் வேகமாக. வேகம், வேகமான, வேகமாக என்று மூன்று படிகளில் ஏறிப் பழகிய தமிழருக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. ஆனால் சாமன்ஹாஃபின் விகுதி நம் ‘ஆக’வை விடவும் துணிச்சலானது. ரயிலைக் குறிக்கும் சொல்லோடு அந்த ‘எ’யைச் சேர்த்து த்ராய்னெ என்றால் ரயிலில், ரயில் மூலம் என்று பொருள். கடிதத்தோடு சேர்த்தால் கடிதம் வாயிலாக. தொலைபேசியோடு சேர்த்தால் தொலைபேசியில். நாம் வேற்றுமை உருபுக்கும் சொல்லுருபுக்கும் பிரித்துக் கொடுக்கும் வேலையையும் அந்த ஓர் உயிரெழுத்தே செய்துவிடுகிறது. இதுவரை யாரும் சொல்லாத வினையடையைப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஆக்கலாம், கேட்பவருக்கும் புரியும். விகுதி ஒன்றின் வெற்றியை அளக்க இதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

அதே சாமன்ஹாஃப் இன்று, நேற்று, நாளை என்ற சொற்களுக்கு வந்தபோது தம் விகுதியைக் கைவிட்டார். ஹொதீஅவ், ஹியேரவ், மோர்கவ் என்று ‘அவ்’ ஒலியில் முடியும் தனிச்சொற்களை வைத்தார். விரைவில், ஏறக்குறைய, இன்னும், கூட என்ற பொருள் தரும் சொற்களுக்கும் அதே முடிவு. இந்த ‘அவ்’ ஒரு விகுதியே இல்லை; இதைக் கழற்றி வேறு சொல்லில் மாட்ட முடியாது. அதே ஒலியில் முடியும் சில சொற்கள் வினையடைகூட இல்லை. ‘முன்’, ‘எதிராக’ என்பனபோலப் பெயருக்கு முன்னால் வரும் துணைச்சொற்கள். இவற்றை விடவும் குறுகிய கூட்டம் ஒன்று உண்டு: நுன் (இப்போது), யாம் (ஏற்கெனவே), த்ரெ (மிக), நூர் (மட்டும்), துய் (உடனே). த்ரெ என்பதன் ஈற்றில் ‘எ’ கேட்கிறதே என்றால், அது ஒட்டு இல்லை, வேரிலேயே இருப்பது. ஆக, ஒழுங்குக்குப் பெயர்போன மொழியிலேயே வினையடைகள் இரண்டு குவியலாகக் கிடக்கின்றன. ஒன்று ஆக்கிக்கொள்வது, மற்றது மனப்பாடம் செய்வது.

இது ஒருவருடைய சறுக்கல் என்றால் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கலாம். திருத்தவும் செய்தார்கள். 1907இல் எஸ்பெராந்தோவைச் சீர்திருத்தப் புறப்பட்டவர்கள் செய்த ஈதோ மொழியில் அந்த ‘அவ்’ ஈற்றுச் சொற்கள் பல ‘எ’ ஈற்றுக்கு மாறின. நேற்று ஹியேரெ ஆயிற்று, நாளை மோர்கெ ஆயிற்று, விரைவில் பால்தெ ஆயிற்று. லூயி கூத்தூரா தருக்க நூல்கள் எழுதியவர். அவர் முன்னின்ற சீர்திருத்தத்தில் விதிவிலக்குகளுக்கு இரக்கம் காட்டியிருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் நுன், த்ரெ, த்ரோ (அளவுக்கு மிஞ்சி), நூர் ஆகியவை ஈதோவிலும் அப்படியே நிற்கின்றன. இவற்றை ‘எ’ போட்டு நீட்டும் துணிவு அவர்களுக்கும் வரவில்லை. கத்தரிக்கோல் எந்த இடத்தில் நின்றது என்று கவனியுங்கள். ஓரளவு நீண்ட சொற்களை வெட்டியது. ஓரசைச் சொற்களைத் தொடவில்லை.

காலப் பெயர்களை விதிக்குள் கொண்டுவரவே முடியாதா என்று கேட்டால், முடியும், மிக அழகாகவே முடியும். எஸ்பெராந்தோவுக்கும் முந்திய வோலாப்யூக் அதைச் செய்துகாட்டியது. ஜெர்மனியின் பாடன் பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஷ்லையர் 1879இல் தொடங்கிய மொழி அது. தேல் என்றால் நாள். வினையடை விகுதி ‘ஓ’. வினைச்சொல்லில் நிகழ்காலம் காட்டும் முன்னொட்டு ‘அ’, இறந்தகாலத்துக்கு ‘எ’ போன்ற ஒலி, எதிர்காலத்துக்கு ‘ஒ’. இவற்றை நாளோடு சேர்த்தால் அதேலோ இன்று, எதேலோ நேற்று, ஒதேலோ நாளை. ஆண்டைக் குறிக்கும் யேல் என்ற சொல்லில் சேர்த்தால் இந்த ஆண்டு, போன ஆண்டு, வரும் ஆண்டு. 2009இல் வெளிவந்த ‘அவதார்’ படத்துக்காகப் பால் ஃப்ராமர் செய்த நாவி மொழியிலும் கிட்டத்தட்ட இதே உத்தி உண்டு. வினைக்கு நடுவே புகுந்து இறந்தகாலம் காட்டும் ‘அம்’, எதிர்காலம் காட்டும் ‘அய்’ இரண்டும் நாளைக் குறிக்கும் சொல்லின் பின்னால் ஒட்டி நேற்றும் நாளையுமாகின்றன. நாவியில் வினையடையை ஆக்கும் ஒட்டு சொல்லுக்கு முன்னால் வருகிறது: வின் என்றால் வேகமான, நிவின் என்றால் வேகமாக. நூற்று முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரு பாதிரியாரும் ஒரு மொழியியலாளரும் ஒரே விடையில் வந்து முட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த இருவரும் ‘இப்போது’ என்ற இடத்தில் என்ன செய்தார்கள்? வோலாப்யூக்கில் நு. நாவியில் செத். எஸ்பெராந்தோவிலும் ஈதோவிலும் நுன். வேற்றுக்கிரக வீரர்களுக்காக மார்க் ஓக்ராண்ட் செய்து 1985இல் அகராதியாக வெளியிட்ட கிளிங்கானில் தாஹ். எல்லாம் ஓரசை, எதிலும் ஒட்டு இல்லை. எஸ்பெராந்தோவில் இது இன்னும் விந்தையானது. அங்கே கியாம், தியாம், சியாம் என்று எப்போது, அப்போது, எப்போதும் மூன்றையும் ஒரே அச்சில் வார்க்கும் அட்டவணை உண்டு. நம் எ, அ சுட்டு வினாக்களைப் போன்றதே அது. அதில் ‘இப்போது’வுக்கு இடம் தந்திருக்கலாம். தரவில்லை, நுன் அட்டவணைக்கு வெளியே தனியாக நிற்கிறது.

இங்கே ஒரு தடை எழும். தமிழில் இப்போது என்பது இ, போது என்ற இரண்டு உறுப்புகளால் ஆன ஒழுங்கான சொல்தானே. அப்போது, எப்போது என்று வரிசையாக வருகிறதே. திட்டமிட்டுச் செய்த மொழிகளை விட இயற்கை மொழி ஒழுங்காக இருக்கிறது என்றால் உங்கள் வாதம் என்னாவது? வலுவான தடை. ஆனால் நாம் எழுதுவதை விட்டுவிட்டுப் பேசுவதைக் கேட்போம். இப்பொழுது என்பது இப்போது ஆகி, இப்போ ஆகி, இப்ப என்று நிற்கிறது. மலையாளத்தில் இப்போள் என்று எழுதுவது பேச்சில் இப்போ. ‘இப்ப வர்றேன்’ என்று சொல்கிறவர் இகரச் சுட்டையும் பொழுதையும் கூட்டிச் சொல்வதில்லை. செய்து வைத்த சொல்லை எடுத்து நீட்டுகிறார். அவ்வளவு என்பது அவ்ளோ ஆனதும் இப்படித்தான். அமெரிக்க மொழியியலாளர் ஸிப்ஃப் 1930களில் பல மொழிகளை எண்ணிப் பார்த்துக் காட்டியது இதுவே: எவ்வளவு அடிக்கடி வருகிறதோ அவ்வளவு குறுகியதாக இருப்பது சொல்லின் இயல்பு. இயற்கை மொழி நீண்ட சொல்லை எடுத்துத் தேய்த்துக் குறுக்குகிறது. அதற்குத் தலைமுறைகள் வேண்டும். மொழியைத் தனியாளாகச் செய்கிறவருக்கு அந்த அவகாசம் இல்லை; தேய்ந்த சொல்லை முதல் நாளே கொடுத்துவிடுகிறார். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, காது அவருக்கு வழிகாட்டியிருக்கிறது. விகுதி என்பது சொல்லைப் புதிதாக ஆக்குவோருக்கான கருவி. எல்லோரும் தினமும் சொல்லித் தீர்க்கும் சொல்லுக்கு அது வெறும் சுமை.

எலப்புள்ளியின் சான்றுக்கு வருவோம். தமிழ் ‘ஆக’ என்கிறது. மலையாளம் ‘ஆயி’ என்கிறது. நன்றாக, நன்னாயி. இரண்டும் ஆகு என்ற ஒரே வினையின் எச்சங்கள்: தமிழ் செய என்னும் வாய்பாட்டைப் பிடித்துக்கொண்டது, மலையாளம் இறந்தகால எச்சத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய தமிழ் உரைநடையில் நன்றாய், அழகாய் என்று வருவதும் இந்தப் பின்னதன் உறவுதான். யாரும் உட்கார்ந்து முடிவு செய்யாமலேயே ஒரு முழு வினைச்சொல் விகுதியாகச் சுருங்கியிருக்கிறது. பேச்சுத் தமிழில் அது மேலும் சுருங்கி வெறும் ‘ஆ’ ஆகிவிட்டது: மெதுவா, வேகமா, அழகா. சாமன்ஹாஃப் ஓர் உயிரெழுத்தில் தொடங்கினார். நாம் ஓர் உயிரெழுத்தில் வந்து சேர்ந்திருக்கிறோம். இன்னொரு வேறுபாடு இங்கே காதில் விழுந்துகொண்டே இருக்கும். தமிழர் ‘வேகமா வா’ என்கிறார். மலையாளி ‘வேகம் வா’ என்கிறார். ஒரே வடசொல், ஒரே வேலை. ஒருவருக்கு ஒட்டு வேண்டியிருக்கிறது, மற்றவருக்கு வேண்டியதில்லை. மலையாளத்தில் சந்தோஷம், பங்கி (அழகு) என்ற சொற்களை இப்படி வெறுமையாக வினைக்கு முன் வைக்க முடியாது. சந்தோஷமாயி, பங்கியாயி என்றுதான் வரவேண்டும். ‘வேகம்’ மட்டும் ஏன் விலக்குப் பெற்றது? ஒரு நாளில் எத்தனை முறை ஒருவரை ஒருவர் அவசரப்படுத்துகிறோம் என்று எண்ணினால் விடை கிடைக்கும். பதுக்கெ (மெதுவாக), உறக்கெ (உரக்க), மெல்ல, பைய எல்லாம் இந்த இனம். மிகு என்பதிலிருந்து தமிழுக்கு மிக. வளர் என்பதிலிருந்து மலையாளத்துக்கு வளரெ. அளவைச் சொல்லும் வேலைக்கு இரண்டு மொழிகளும் வெவ்வேறு வினைகளை எடுத்தன, ஆனால் ஒரே வாய்பாட்டில் எடுத்தன. இரண்டுமே ‘ஆக’ என்பதன் பக்கம் போகவில்லை. மிகவாக என்று யாரும் சொல்வதில்லை. நேற்றாக வந்தான் என்றும் சொல்வதில்லை.

‘ஆக’ வினையடை விகுதிதானா என்ற வேறு தடையும் உண்டு. ‘தண்ணீர் சூடாக இருக்கிறது’ என்பதில் சூடாக என்பது இருத்தலின் முறையைச் சொல்லவில்லை, தண்ணீரின் தன்மையைச் சொல்கிறது. ‘ஆசிரியராக வேலை பார்க்கிறார்’ என்பதில் அது பதவியைச் சொல்கிறது. ‘பல நாளாக’ என்பதில் கால நீட்சி. ‘பத்துப் பத்தாக’ என்பதில் பகுப்பு. இத்தனை வேலை செய்யும் ஒன்றை வினையடை விகுதி என்று சுருக்குவது நியாயமா? நியாயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வாதத்துக்கு அது துணையாகவே வருகிறது. எஸ்பெராந்தோவின் ‘எ’யும் இப்படிப் பரந்துவிட்டது. தண்ணீர் என்ற எழுவாய் இருந்தால் அங்கே சூட்டைப் பெயரடையாகச் சொல்வார்கள். எழுவாயே இல்லாமல் ‘சூடாக இருக்கிறது’ என்று பொழுதைப் பற்றிச் சொல்லும்போது வார்மெ என்று வினையடை ஈறு வந்துவிடும். வெயில் நேரத்தில் நாம் சொல்லும் வாக்கியமும் சொல்லுக்குச் சொல் அதுவே. இன்ன எழுவாய்க்கு என்று கட்டுப்படாத தன்மை எதுவானாலும் வந்து தங்கும் இடமாக அந்த ஈறு மாறிவிட்டது. சுத்தியல் என்ற சொல்லோடு ‘எ’ சேர்ந்தால் சுத்தியலால் என்றா, சுத்தியலைப் போல என்றா என்று கேட்டு அதைக் குறை சொல்வோர் உண்டு. நண்பராக வந்தார் என்றால் நண்பர் என்ற உரிமையிலா, நட்பான முறையிலா என்று நம்மிடமும் கேட்கலாம். இரண்டிலும் வேர்ச்சொல்லும் சூழலும் விடை சொல்கின்றன. கருவியைக் குறிக்கும் வேர் கருவிப் பொருளைத் தரும், ஆளைக் குறிக்கும் வேர் தன்மையைத் தரும். விகுதி தெளிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தருக்க நூலாரின் ஆசை. பேசுகிறவர்கள் விகுதியிடம் கேட்பது எங்கும் ஒட்டும் குணத்தை மட்டுமே.

இதே ‘எ’ வினையெச்சத்தின் வேலையையும் ஏற்றிருக்கிறது. படி என்ற வினையின் முற்றுப்பெற்ற எச்ச வடிவத்தோடு அது சேரும்போது லெகீந்தெ, அதாவது படித்துவிட்டு. நிகழும் வடிவத்தோடு சேரும்போது லெகாந்தெ, படித்துக்கொண்டே. இந்த எச்சத்தின் எழுவாயும் முற்றுவினையின் எழுவாயும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எஸ்பெராந்தோ இலக்கண நூல்கள் வற்புறுத்துகின்றன. செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் வினைமுதலின் வினை கொண்டே முடியும் என்பது நம் இலக்கண மாணவர் பாடமாகப் படிப்பது. சாமன்ஹாஃப் தொல்காப்பியம் படித்தவரில்லை. அடை என்ற வேலையை வினைக்கும் கொடுக்கப் போனால் எழுவாய் யாருடையது என்ற கேள்வி எங்கும் ஒரே விதமாகத்தான் எழும். வினையடைக்குத் தனி வகை செய்யாமல் எச்சங்களுக்குள்ளும் உரிச்சொல்லுக்குள்ளும் இடைச்சொல்லுக்குள்ளும் அதைப் பங்கிட்ட பழைய முறை இங்கேதான் பொருந்தி வருகிறது. உள்ளபடியே இது ஒரு சொல்வகை இல்லை. வாக்கியத்தில் காலியாக இருக்கும் ஓர் இருக்கை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

விகுதியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. 2001இல் சோன்யா லாங் வெளியிட்ட தொக்கி போனா மொழியில் ஏறக்குறைய நூற்று இருபது சொற்கள்தான். நல்ல என்பதற்கும் நன்றாக என்பதற்கும் ஒரே போனா. பெயருக்குப் பின்னால் வந்தால் பெயரடை, வினைக்குப் பின்னால் வந்தால் வினையடை. மலையாளத்தின் ‘வேகம் வா’ ஒரு மொழி முழுவதற்கும் விதியானது போல இருக்கும். அவ்வளவு சிறிய சொற்களஞ்சியத்தில் இது எடுபடுகிறது. எது எதற்கு அடை என்ற சுமை முழுவதையும் சொல்வரிசை தாங்குகிறது. கிளிங்கான் எதிர்த்திசையில் போகிறது. அங்கே வினையடைகள் ஒரு மூடிய பட்டியல்: வேகமாக என்பதற்கு நோம், மெதுவாக என்பதற்கு கிட். பட்டியலில் இல்லாத ஒரு முறையைச் சொல்ல வேண்டுமானால் தனி வினைத்தொடராகச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும். கடுமையாகப் பேசும் பாத்திரங்களுக்காகச் செய்த மொழி என்பதால் அந்த முரட்டுத்தனம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் வாதத்தின் எல்லையை இந்த இரண்டும் காட்டுகின்றன. தொக்கி போனா விகுதியை விட்டது, கிளிங்கான் ஆக்கத்தை விட்டது. கிளிங்கான் சிறு சொற்களை விடவில்லை.

தமிழரின் கைவேலை ஒன்றும் இந்த வரிசையில் இருக்கிறது. 2015இல் வெளிவந்த ‘பாகுபலி’யில் காலகேயர் பேசுவதற்காக மதன் கார்க்கி செய்த கிளிக்கி பின்னர் 2020இல் தனக்கென்று எழுத்துகளோடு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. போர்க்களத்தில் முழங்குவதற்கு வினையடை அவ்வளவு தேவைப்படாது; சாப்பிட்டாயா, எப்போது வந்தாய் என்று பேச வேண்டிய மொழிக்குத் தேவைப்படும். திரைக்கான மொழி திரையை விட்டு இறங்கும்போது முதலில் எதிர்கொள்ளும் சோதனை இதுதான். இப்படி ஒரு மொழியைத் தமிழர் யாராவது இனிமேல் செய்யப் புகுந்தால் வேலையைத் தலைகீழாகத் தொடங்கலாம் என்பது என் யோசனை. விகுதியை முதலில் தேட வேண்டாம். இப்போது, இன்னும், ஏற்கெனவே, மிக, மட்டும், உடனே, நேற்று, நாளை போன்ற சிறு சொற்களை முதலில் எழுதி, அவற்றை ஓரசை ஈரசைக்கு மேற்படாமல் அமைத்து, வேகமாகப் பேசிப் பார்க்கலாம். எங்கே, எப்படி, எப்போது வரிசைக்குச் சுட்டு வினா எழுத்துகள் கைவசம் இருக்கின்றன. சாமன்ஹாஃப் அட்டவணை போட்டுச் செய்ததை அவை தாமாகவே செய்துகொடுக்கும். முறையைச் சொல்லும் ஒட்டைக் கடைசியில் வைத்தால் போதும். அது உயிரெழுத்தாக இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். அதில் தவறு நேர்ந்தால்கூட மொழிக்குப் பெரிய சேதம் இல்லை. ‘இப்போது’ நாலசையாக இருந்தால் பேசுகிறவர்கள் ஒரு வாரத்தில் அதை உடைத்துவிடுவார்கள்.